சின்னப் புகைபோக்கி

மூடியைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். ஏன் சொல்ல வேண்டும், நான் திறந்து பார்க்கக்கூடியவள் என்று என் மகனுக்கு எப்போது தோன்றியது, ஒன்றும் மறைக்க இல்லாத மூடியைத் திறக்காதே என்று யாராவது சொல்வார்களா. கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான். மருமகள் ஜெசிந்தாவின் கார் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலிலேயே நின்றுபோய்விட்டதாம், போய்க் கூட்டி வர வேண்டுமாம். "எம்மா, சூடு காட்டுத இந்த முள்ளப் பாத்துக்கோ. இருநூத்தம்பதுக்குக் கீழ எறங்குச்சுன்னா ஒரே ஒரு கட்டைய உள்ள வையி. நீள மூடியத் தொறக்காத, போன சூடு திரும்பி வர அரைமணி நேரம் ஆவும். அந்தக் கடைசில பெரிய புகைபோக்கி இருக்குல்லா, அதோட வாய மூடுத தட்டத் தொடாத. ஒரு மணி நேரத்துல வந்துருதேன்." கிளம்பினவன் திரும்பி வந்து தடித்த கையுறையை என் மடியில் வைத்தான். "டிக்கெட்டப் பத்தி யோசிச்சியா? இன்னைக்குச் சாயந்தரம் சொல்லுதேன்னே." யோசிக்கேன் என்றேன். வியாழக்கிழமை விமானம். இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம் முடிகிறது, விசா அவ்வளவுதான். இருக்கிறேன் என்று நான் சொன்னால் நாளைக்கே தாள் எழுதிப் போட்டு இன்னும் ஆறு மாதம் கேட்பான், போகிறேன் என்றால் பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடி, ஏப்ரலில் பூட்டின கதவு, குழாயைத் திறந்தால் முதலில் வரும் துருத்தண்ணீர். கார் தெருமுனையில் திரும்பி நெடுஞ்சாலைச் சத்தத்தில் கரைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு புல்தரையில் நானும் இதுவும்.

இது என்றுதான் மனசுக்குள் சொல்கிறேன். அவன் ஸ்மோக்கர் என்கிறான். ஜெசிந்தா தேர் என்கிறாள், "உங்க மவன் தேர இழுத்துட்டுக் கெளம்பிட்டாரு அத்தை" என்பாள், அவன் இதைத் தன் வண்டிக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராகச் சமையல் போட்டிக்குக் கொண்டு போகிற நாட்களில். தண்ணீர் லாரியின் தொட்டியைப் படுக்க வைத்துக் கறுப்படித்தது போல இருக்கிறது. இரண்டு சக்கரம், பின்னால் நம்பர் பிளேட்டு, முன்னால் கொக்கி. தொட்டியின் ஒரு கோடியில் கொஞ்சம் தாழ்ந்தாற்போல் நெருப்புப் பெட்டி, மறு கோடியில் ஓராள் உயரப் புகைபோக்கி. நெருப்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், நெருப்பு கறியைத் தொடுவதே கிடையாது. புகையும் சூடும் மட்டும் நெருப்புப் பெட்டியிலிருந்து தொட்டிக்குள் நுழைந்து, கறியைத் தடவிக்கொண்டே போய், அந்தக் கோடியில் மேலேறிப் போகின்றன. விடிகாலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம்வரை இதுதான் நடக்கிறது. எந்த மிருகம் என்று நான் கேட்டதில்லை, நெஞ்சுக்கறி என்பதோடு அவன் நிறுத்திக்கொள்வான். நிறுத்தின இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவனுக்கு நெல்லையப்பன் என்று பெயர் வைத்தேன், இங்கே நெல் என்கிறார்கள். அரிசி கூட இல்லை, நெல், உமியோடு. சரி, நான் சைவம், அது அவன் வீடு, அவன் வாய். என் பயம் அதுவல்ல. என் பயம் நெருப்புப் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு சின்னப் பெட்டி, அதைப் பற்றியது. ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம், அதற்கென்று ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், அதற்கென்று என் முழங்கை நீளத்தில் ஒரு சின்னப் புகைபோக்கி. ஏப்ரலில் நான் வந்த இரண்டாவது வாரம் அது கிடையாது. மூன்றாவது வாரம் தாடி வைத்த ஒருவர் வந்து நாள் பூராவும் பொறி பறக்க வெல்டிங் செய்தார். எதுக்குல இது என்றேன். "தட்டு சூடுபண்ணம்மா" என்றான். தட்டு சூடுபண்ண. ஆறு மாதமாகப் பார்க்கிறேன், இந்த வீட்டில் காகிதத் தட்டில்தான் கறி தின்கிறார்கள். காகிதத்தை எதற்குச் சூடுபண்ண வேண்டும்? இன்றைக்கும் மூன்று கட்டளை போட்டுவிட்டுப் போனானே, கட்டை, நீள மூடி, பெரிய புகைபோக்கி. சின்னப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லாமல் விட்டதைத்தான் நான் எப்போதும் கேட்பேன்.

சனிக்கிழமை தோறும் எனக்குச் சுட்ட கத்தரிக்காய்த் துவையல். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. நான் வந்த புதிதில் ஒருநாள், இங்கே அடுப்பு கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கு, ஒரு கத்தரிக்காயச் சுட முடியாது என்று சும்மா சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் துவையல் வந்தது. நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். தோல் கருகி, சதைக்குள் விறகுப்புகை இறங்கி, அதன்மேல் புளியும் மிளகாயும். எப்படி ஜெசி சுட்டே என்றேன். "ஓவன்ல வச்சேன் அத்தை." ஓவனில் வைத்தால் வேகும், வாடும், சுருங்கும். விறகு மணக்குமா? கல்லூரியில் எனக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர்கள் எடுத்ததும் மலையையும் புகையையும்தான் காட்டினார்கள், மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையில் கண்டதுபோல. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து நான் ஒரு துவையலை நாக்கில் வைத்துக்கொண்டு அதே பாடத்தைத் திரும்ப எழுதுகிறேன். துவையலில் புகை உண்டு, ஆகவே துவையல் நெருப்பிடம் போய் வந்தது. இந்த வீட்டில் விறகு நெருப்பு ஒன்றுதான். ஆகவே. அந்த ஆகவேக்குப் பின்னால் வருவதை நான் ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை. சொல்லி முடித்தால் அந்தத் துவையலைச் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டேன். இருபத்துமூன்று சனிக்கிழமை இருக்கும், வழித்துச் சாப்பிட்டேன். நீள மூடிக்கு அடியில், கறியின் கொழுப்பு சொட்டுகிற அதே கம்பிவலையில் ஓரமாக என் கத்தரிக்காயும் படுத்திருக்கிறதோ என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்துக்கொண்டு, நினைத்ததை நெய்யோடு பிசைந்து விழுங்கினேன். காய் நறுக்க எனக்கென்று ஒரு மரப்பலகை வைத்திருக்கிறாள், அவர்களுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. தினமும் ஏதாவது சாக்கில் அடுக்களைப் பக்கம் போய் எது நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். பலகையைச் சந்தேகப்பட்டேன், தேக்கரண்டியைச் சந்தேகப்பட்டேன், துவையலை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டே தின்றேன். இப்போது ஒரு மணி நேரம் யாரும் இல்லை. மூடி ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வியாழக்கிழமை போய்த்தான் ஆக வேண்டும், என்னை ஆறு மாதம் ஏமாற்றியவர்கள் வீட்டில் தெரிந்தே எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது. திறக்காவிட்டால் இருக்கலாம். இருந்துகொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்து நினைத்து விழுங்கலாம்.

ஏற்கெனவே ஒரு தடவை நான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டேன். இவன் அப்பா ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சீட்டாடப் போகிறேன் என்று கிளம்பினால் மூன்று மணிக்கு வருவார், வாய் நிறைய வெற்றிலை, ஏலக்காய் வேறு. சீட்டாடுகிறவருக்கு ஏலக்காய் எதற்கு? வந்ததும் சட்டையைத் தானே கழற்றித் தானே சோப்புத் தண்ணீரில் போடுவார், மற்ற ஆறு நாளும் நாற்காலியில் வீசுகிற மனிதர். கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கேட்கவில்லை. அவர் போன அன்று கூட்டத்தில் தெரியாத ஒருவர் ரோஜா மாலையோடு வந்தார், தடித்த ஆள், தோளில் துண்டு, அழுதுவிட்டார். யாரென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரே என் முன்னால் வந்து கைகூப்பி, "அம்மா, பிள்ளைவாளுக்கு நம்ம கடை நெஞ்செலும்பு சூப்புன்னா உசுரும்மா. ஞாத்துக்கெழம அவுக மேசைய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். மெயின் ரோட்டு மட்டன் ஓட்டல்காரர். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்த்ததால் அத்தனை பேருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சூப் குடித்ததில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊரே சேர்ந்து எனக்காகத் தரையைப் பார்த்திருக்கிறது. இப்போதும் அப்படித்தானே, துவையல் கிண்ணத்தை என் முன்னால் வைக்கும்போது ஜெசிந்தா அவனைப் பார்க்கிறாள், அவன் தண்ணீர்க் குவளையைப் பார்க்கிறான். அப்பனுக்கு நெஞ்செலும்பு, மகனுக்கு நெஞ்சுக்கறி. நடுவில் நான்.

இத்தனைக்கும் நான் காதால் பிழைத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம், வெளியூர்ப் பேச்சை இணைக்கிற ட்ரங்க் போர்டில் காதுக்கருவியும் கையில் இணைப்புக் கயிறும். பேசுகிறவர் மூச்சை இழுக்கிற இழுப்பிலேயே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன். ஊருக்கு நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்கிறவன் வரப்போவதில்லை என்று அவன் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரியும். மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா என்று கேட்பது மட்டுமே என் வேலை. உண்மையைச் சொல்வது என் வேலையல்ல. பிரமு, உன் காதுக்குப் பூட்டுப் போடணும்டி என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. இப்போது இந்தக் காதுக்கு இங்கே என்ன கேட்கிறது, நெருப்புப் பெட்டிக்குள் கட்டை வெடிக்கிற சத்தம், இரும்பு சூட்டில் நெளிகிற சத்தம், உள்ளே எங்கோ சொட்டு விழுந்து ஸ் என்கிற சத்தம். கொழுப்பு. இடைவெளி விட்டு விட்டு, தாளம் தப்பாமல். என் எவர்சில்வர் தட்டு ஞாபகம் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை, சொட்டுச் சத்தத்திலிருந்தா. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது, விளிம்பில் புள்ளி புள்ளியாக அடித்து சு. பிரமநாயகி 9-6-74 என்று பெயர் வெட்டினது. அதில்தான் சாப்பிடுவேன் என்று பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தேன். ஏப்ரல் கடைசியில் காணாமல் போயிற்று. ஜெசி, என் தட்டப் பாத்தியா? "இல்லையே அத்தை. எங்கயாது உள்ள போயிருக்கும்." மூச்சு இழுத்துவிட்டுத்தான் சொன்னாள். அவளுடைய அந்த மூச்சை இன்னும் வைத்திருக்கிறேன். தூத்துக்குடிக்காரி, மீன் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு, என் பெயர் வெட்டின தட்டில் என்னத்தை வைத்தாளோ, வைத்த பிறகு மனசு உறுத்தித் தூரப் போட்டாளோ. கேட்கவில்லை. கேட்காமல் விட்டவற்றைச் சேர்த்து வைத்தால் இந்தத் தொட்டி நிரம்பும்.

முள் இருநூற்று நாற்பதைத் தொட்டது. எழுந்தேன். முட்டி இரண்டும் எழுந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கையுறை முழங்கைவரை வந்தது. நெருப்புப் பெட்டிக் கதவின் கொக்கியைத் தூக்கினால் முகத்தில் சூட்டின் ஒரு அறை. உள்ளே கட்டைகள் சிவப்புப் பல்வரிசை போலக் கிடந்தன. ஓக் கட்டை என்று ஒன்று, சீமைக்கருவேல் இனத்தில் ஒன்று, ஊரில் வேரோடு பிடுங்கி எறியச் சொல்லி ஆள் வைக்கிறோம், இங்கே அதைப் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறான். ஒரு கட்டையைக் குறுக்காக வைத்தேன். ஒரே ஒரு கட்டை என்றான். போதுமா என்று தோன்றி இன்னொன்றும் வைத்தேன். அவன் சொன்ன கணக்கில் எனக்கு என்ன நம்பிக்கை. கதவைச் சாத்தினதும் பெரிய புகைபோக்கியிலிருந்து வெள்ளையாய்த் தடித்த புகை, ஒரு பசு எழுந்து நிற்பது போல எழுந்தது. புகை நீலமாய் மெல்லிசாய் இருக்க வேண்டும், வெள்ளையாய் இருந்தால் கட்டை சரியாய்ப் பிடிக்கவில்லை என்று அவன் சொல்வான். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் கேரலைப் பார்த்தேன். தனியாக இருக்கிறவள், என் வயது இருக்கும், எதற்கும் கையை ஆட்டுவாள். புகையை அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனை எடுத்தாள். எடுத்து இந்தப் பக்கமாகப் பிடித்தாள். குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிப் போடுகிறவர்கள் உண்டு, புல் இரண்டு விரல் வளர்ந்தாலே கடிதம் வருகிற தெரு இது. கிழவி ஒருத்தியை நெருப்புக்குக் காவல் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று எழுதப் போகிறாள். அவள் முகம் போனுக்குப் பின்னால் இருந்தது, அது சிரித்ததா சுளித்ததா என்று தெரியவில்லை. நான் அவளுக்குக் கை ஆட்டவில்லை. வேகமாக, எனக்கு வேகம் என்று இருப்பதில், அந்தக் கோடிக்குப் போய்ப் பெரிய புகைபோக்கியின் தட்டைக் கையுறைக் கையால் திருகி மூடினேன். புகை நின்றது. கேரல் போனை இறக்கினாள், உள்ளே போனாள். நிறுத்திவிட்டேன் என்று ஒரு நிம்மதி. அவன் தொடாதே என்று சொன்னது தட்டை மூடின பிறகுதான் நினைவுக்கு வந்தது, அப்படியும் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன், புகை இல்லாத வானம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை, பத்து நிமிஷம் இருக்கலாம். முதலில் சத்தம்தான் மாறியது. சொட்டின் தாளம் மங்கியது, நெருப்பின் மூச்சு திணறுகிறாற்போல் ஆயிற்று, தப்பான இணைப்பில் கயிற்றைச் செருகிவிட்டால் கேட்குமே ஒரு அடைத்த இரைச்சல், அது. முள் இருநூற்றுப் பத்து. நிமிர்ந்து பார்த்தேன். புகை எங்கும் போய்விடவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தது. போகிற வழியை நான் அடைத்துவிட்டதால் தொட்டி பூராவும் நிரம்பி, வந்த வழியே நெருப்புப் பெட்டிக்குத் திரும்பி, கதவிடுக்கில் கசிந்து, மிச்சமெல்லாம் சின்னப் பெட்டிக்குள் ஏறிச் சின்னப் புகைபோக்கி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது, மஞ்சளாய்த் தடித்துப் பிசுபிசுத்து. கறிப்புகை. கொழுப்பும் மிளகும் கருகின மணம். காலையிலிருந்து அந்தச் சின்னப் புகைபோக்கியில் வந்தது வெறும் விறகின் மணம், அதை நான் கவனிக்கவே இல்லை, இப்போது மாறின பிறகுதான் முன்னால் இருந்தது எனக்குத் தெரிகிறது. பயந்துபோய்ப் பெரிய புகைபோக்கியின் தட்டைத் திறந்துவிட்டேன். தொட்டி ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பி வரும்போது சின்னப் பெட்டி முன்னால் கால் நின்றுவிட்டது. இதைத் திறக்காதே என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததால் திறந்தேன்.

நான்கு கத்தரிக்காய். கறுத்துச் சுருங்கி, காம்போடு, உறங்குகிற நான்கு பேரைப் போலப் பக்கத்தில் பக்கத்தில். வேறொன்றுமில்லை, ஒரு எலும்பில்லை, ஒரு கொழுப்புச் சொட்டில்லை. காய்கள் ஒரு தட்டில் இருந்தன. தட்டு அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது, ஆனால் அதன் விளிம்பின் வளைவை நான் ஐம்பது வருஷம் துலக்கியிருக்கிறேன். கையுறை விரலால் ஒரு இடத்தைத் துடைத்தேன். புள்ளி புள்ளியாக சு. பிரம என்று வந்தது. இன்னும் துடைத்தேன், நாயகி வந்தது. தட்டு சூடுபண்ண என்றானே. கதவைப் பிடித்தபடியே நின்றேன். பெட்டியின் அடியில் நெருப்பைப் பார்த்து ஒரு துவாரம். புகை நெருப்பிலிருந்து நேரே இங்கே வருகிறது, இங்கிருந்து நேரே தன் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது, கறி இருக்கிற திசைக்குப் போவதே இல்லை. தாமிரபரணியில் மேல்படித்துறைத் தண்ணீருக்குக் கீழ்ப்படித்துறை அழுக்குத் தெரியாதே, அந்த மாதிரி. இதை யோசிக்க அவனுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். தாடிக்காரரிடம் இதை எப்படிச் சொல்லி விளக்கினானோ, எதற்கு இரண்டு புகைபோக்கி என்று அவர் கேட்டிருப்பார். பாத்திரமும் அத்தையுடையதாக இருக்கட்டும் என்று தட்டை எடுத்துக் கொடுத்தவள் ஜெசிந்தாவாகத்தான் இருக்க வேண்டும், ஆண்பிள்ளைக்கு அது தோன்றாது. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஒரே வண்டி, ஒரே நெருப்பு, வேண்டாம் என்றிருப்பேன். முகத்தைத் திருப்பியிருப்பேன். ஆக இருபத்துமூன்று சனிக்கிழமை என் துவையல் சுத்தமாக இருந்தது. இந்த நான்கு காயும் பத்து நிமிஷத்துக்கு முன்னால்வரை சுத்தமாக இருந்தன. இப்போது அவற்றின் தோலில் எண்ணெய் போல ஒரு மினுக்கம். ஆறு மாதமாக நான் பயந்தது இன்றைக்குத்தான் நடந்திருக்கிறது, என் கையால். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். முள் ஏறிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை, புகையினால் கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேறு.

கார் வந்து நின்றது. இரண்டு கதவு சாத்துகிற சத்தம், வீட்டுக்குள் போகாமல் பக்கவாட்டில் நேரே புல்தரைக்கு வந்துவிட்டார்கள், அவன் முன்னால், ஜெசிந்தா தோள்பையோடு பின்னால். முள்ளைப் பார்த்தான். பெரிய புகைபோக்கியைப் பார்த்தான். "எம்மா, தட்டத் தொட்டியா?" தொட்டேன்ல. மூடிட்டேன். கேரல் போனத் தூக்கிட்டு நின்னா, எழுதிப் போட்டுருவாளோன்னு. "கேரலா?" அவன் சிரித்துவிட்டான். "அவ போட்டோல்லா எடுத்திருப்பா. சாயந்தரம் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு, காலைலேருந்து எப்ப எப்பன்னு மெசேஜ் போட்டுட்டே இருக்கா. எவ்வளவு நேரம் மூடிருந்த?" பத்து நிமிசம் இருக்கும். அவன் சிரிப்பு நின்றது. கண் மெல்ல நகர்ந்து சின்னப் புகைபோக்கியில் போய் நின்றது, அதன் வாயில் புதிதாய் ஒரு மஞ்சள் கறை. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், ரோஜா மாலை வந்த அன்று பார்த்திருக்கிறேன். என்னிடம் சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன், இல்லை, சொல்லாமல் அதையே அரைத்து வைத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு நேரத்துக்குப் பிறகும், தட்டைத் துடைத்துப் பார்த்த பிறகும், அதைத்தான் நினைத்தேன். அவள் மூச்சை இழுத்தாள். "அத்தை, இன்னைக்குத் துவையல் கெடையாது. ஓவன் கெட்டுப்போச்சு. தக்காளித் தொக்கு வச்சுத் தரட்டா?"

இன்னும் வீட்டுக்குள்ளேயே காலெடுத்து வைக்காதவள். காலையில் நான் அந்த ஓவனில் ரொட்டி சுட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு மோசமான பொய்யை எந்த ட்ரங்க் லைனிலும் நான் கேட்டதில்லை. தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடைச் சீருடையில், பதில் வராதோ என்று பயந்துகொண்டு நின்றாள். பொய்யைக் கேட்டுவிட்டால் நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம். சொல்லாமல் அதை எடுத்து உள்ளே போட்டு மூடி வைத்துவிடுவேன். மூணு நிமிஷம் ஆச்சு.

"சரி, தொக்கே வையி" என்றேன். பிறகு, "ஏட்டி, அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஓவன் சரியாயிருமா?"

அவன் நெருப்புப் பெட்டிக் கதவைத் திறக்கப் போன கையோடு நின்றான். "எம்மா, வியாழக்கெழமல்லா..." என்று தொடங்கினான். ஜெசிந்தா அவனை முடிக்க விடவில்லை. "சரியாயிரும் அத்தை. உங்க மவன் பாத்துருவாரு." மூச்சை இழுக்காமலே சொன்னாள். அவன் குனிந்து கட்டையைப் புரட்டினான், தேவைக்கு மேல் நேரம் புரட்டினான். அவள் எனக்குப் பின்பக்கமாக நடந்து போனாள். சின்னப் பெட்டியின் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. காய்களை எடுத்துக் குப்பையில் போட வேண்டிய நேரம் போயிற்று, போன பிறகும் சத்தமில்லை. கரிக்கு நடுவில் துடைத்து வைத்த ஒரு பெயரைப் படிக்க எவ்வளவு நேரமாகும். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள், என்னைக் கடந்து உள்ளே போனாள், போகும்போது என் தோளில் விழுந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். பெரிய புகைபோக்கியில் இப்போது புகை நீலமாக, மெல்லிசாக. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேரல் மறுபடி வந்து கையை ஆட்டினாள், நானும் கையுறையோடு ஆட்டினேன். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. தக்காளி நறுக்குகிறாள். மரப்பலகையா பிளாஸ்டிக் பலகையா என்று காது ஒருதரம் நிமிர்ந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.